சாஷா கித்ரியின் "லா புவாஸோன்" (1951): கொலைகாரனுக்கு வழி சொன்னது யார்?

தனிக்கொட்டகை எழுதியது:

இந்தப் பிரெஞ்சுப் படத்தின் கதை முழுவதையும் பேசப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

ரெமொன்வீல் என்ற ஒரு பிரெஞ்சுச் சிற்றூர். போல் பிராகோனியே தோட்ட வேலை செய்கிறவன். மனைவி பெயர் பிளாந்தின். கல்யாணமாகி முப்பது வருஷம். இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ரேடியோவை ஓடவிட்டு, வாய் திறக்காமல் சாப்பிடுகிறார்கள். அவள் சிவப்பு ஒயினைக் குடித்துக்கொண்டே இருக்கிறாள். அவன் அவளைப் பார்க்கவே கூசுகிறான். இருவர் மனசிலும் ஒரே எண்ணம்: மற்றவர் செத்தால் தேவலை. அவள் மருந்துக்கடையில் எலி விஷம் வாங்கிவைக்கிறாள்.

போலுக்கு வழி ரேடியோவிலிருந்து கிடைக்கிறது. ஒபனெல் என்ற பாரிஸ் வக்கீல் தன் நூறாவது விடுதலைத் தீர்ப்பை வாங்கிவிட்டு ரேடியோவில் பேட்டி கொடுக்கிறார். அதைக் கேட்ட போல் நேராகப் பாரிஸுக்குப் போகிறான். "என் மனைவியைக் கொன்றுவிட்டேன்" என்கிறான். ஆனால் பிளாந்தின் வீட்டில் உயிரோடுதான் இருக்கிறாள்.

என்னைப் பொறுத்தவரை இங்கேதான் படம் தொடங்குகிறது. வக்கீல் தன் தொழிலைச் செய்கிறார். எதைக் கொண்டு குத்தினாய்? கத்தி எங்கே இருந்தது? எங்கே குத்தினாய்? எத்தனை முறை? ஒவ்வொரு கேள்வியிலும் வக்கீலின் முகத்தைப் பார்த்தே எது நல்ல பதில், எது கெட்ட பதில் என்று போல் தெரிந்துகொள்கிறான். நடக்காத கொலையின் விவரங்களை அங்கேயே மாற்றி அமைக்கிறான். கத்தியைத் தேடிப் போய் எடுத்திருந்தால் அது திட்டமிட்ட கொலை; சாப்பாட்டு மேசையில் தற்செயலாகக் கிடந்திருந்தால் ஆத்திரத்தில் நடந்தது. இப்படி ஒவ்வொன்றாகப் பாடம் படித்து முடித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறான். அதே மாதிரி மேசையை ஏற்பாடு செய்கிறான், கொல்கிறான். நீதிமன்றம் அவனை விடுதலையும் செய்துவிடுகிறது.

கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு நல்ல வக்கீலால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது என்பதைக் கித்ரி பிடித்திருக்கிறார். ஒபனெல் கெட்டவர் இல்லை, லஞ்சம் வாங்குகிறவரும் இல்லை. தன் வேலையில் கெட்டிக்காரர், அவ்வளவுதான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிளாந்தினைக் கொன்றது என்று நான் சொல்வேன். நீங்கள் எல்லாரும் என்ன நினைக்கிறீர்கள்?

கரிசல்_வாசகி எழுதியது:

வக்கீல் காட்சி அபாரம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் "வக்கீல்தான் கொன்றார்" என்று சொன்னால் கத்தி பிடித்த கை தப்பித்துவிடும். படமும் அதைத்தானே செய்கிறது?

போலுக்கு எத்தனை பேர் காது கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதலில் பாதிரியாரிடம் போய் அழுகிறான், அவர் பொறுமையாகக் கேட்கிறார். பிறகு வக்கீல். பிறகு நீதிமன்றம் முழுவதும். படத்தின் கடைசிப் பகுதி அவன் பேச்சுதான். பிளாந்தினுக்கு யார் இருக்கிறார்கள்? விஷம் விற்றவர் மட்டும். அவள் எந்த வயதில் குடிக்கத் தொடங்கினாள், ஏன் தொடங்கினாள், அந்த முப்பது வருஷத்தில் அவளுக்கு இவன் என்ன செய்தான், என்ன செய்யவில்லை என்று ஒரு வரிகூடக் கிடையாது. அழுக்கானவள், குடிகாரி, வாய் மோசம். இந்த மூன்று அடையாளங்களோடு அவளை அறிமுகப்படுத்திவிட்டு, கொலையானதும் நம்மை நிம்மதிப் பெருமூச்சு விடச் சொல்கிறார் கித்ரி.

அவள் விஷம் வாங்கினாள் என்பார்கள். வாங்கினாள், அவன் ஒயினில் கலக்கவும் செய்தாள். அவன் குடிப்பதற்கு முன் கத்தி பாய்ந்துவிட்டது. இருவரும் ஒரே குற்றத்துக்குத் தயாரானவர்கள் என்றால், ஒருவருக்கு மட்டும் ஏன் கைதட்டல்? ஜெர்மேன் ருவேர் பிளாந்தின் வேடத்தில் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பதையும் யாராவது பேச வேண்டும். இந்தப் படம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் போலாக நடித்த மிஷேல் சிமோனைப் பற்றியே எழுதுகிறார்கள்.

ஒளிவட்டம் எழுதியது:

நானும் சிமோனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அக்கா கோபிக்க வேண்டாம்.

ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடிப்பது சிமோனுக்குப் பிடிக்காது. இரண்டாவது டேக் கேட்கமாட்டேன் என்று கித்ரி ஒப்புக்கொண்டுதான் அவரை வைத்து எடுத்தார். மொத்தப் படமும் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. அந்த அவசரம் திரையில் குறையாகத் தெரியவே இல்லை, மாறாகப் பலமாகியிருக்கிறது. வக்கீல் அறையில் போல் தடுமாறி, யோசித்து, திருத்திச் சொல்லும்போது நடிகரே அந்த நொடியில்தான் யோசிக்கிறார் என்று தோன்றும். ஒத்திகை பார்த்துப் பார்த்து மெருகேற்றியிருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும்.

படத்தின் தொடக்கத்தைக் கவனித்தீர்களா? எழுத்து ஓடுவதற்குப் பதிலாகக் கித்ரியே வந்து ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துகிறார். சிமோனுக்குப் படத்தையே காணிக்கையாக்கிப் புகழ்ந்து பேசுகிறார். பிறகு மற்ற நடிகர்கள், அப்புறம் தொழில்நுட்பக்காரர்கள் வரை போய் நன்றி சொல்கிறார். லூயி த ஃபியூனே சின்ன வேடத்தில் இருக்கிறார், பெரிய நட்சத்திரம் ஆவதற்கு வெகு காலம் முன்பு. இவ்வளவு அன்போடு தொடங்கும் படம் அடுத்த நிமிடமே ஒரு வீட்டுக்குள் அப்படி ஒரு வெறுப்பைக் காட்டுகிறது. அந்த வித்தியாசம் என்னை உலுக்கிவிட்டது.

சட்டப்பித்தன் எழுதியது:

வழக்காடுவது என் பிழைப்பு. பிரெஞ்சுக் குற்றவியல் வரலாற்றைப் படிப்பது ஆசைக்காக. அதனால் இந்த இழையில் கொஞ்சம் நீளமாக எழுத அனுமதி வேண்டும்.

"இப்படி ஒரு கொலையை யார் விடுதலை செய்வார்கள், இது வெறும் கற்பனை" என்று சில இடங்களில் படித்தேன். அப்படி இல்லை. 1810-ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் 324-ஆவது பிரிவு, தன் வீட்டில் கள்ள உறவில் கையும் களவுமாகப் பிடிபட்ட மனைவியைக் கணவன் கொன்றால் அது மன்னிக்கத்தக்கது என்றே சொன்னது. மனைவிக்கு அப்படி ஒரு சலுகை எழுதப்படவில்லை. அந்தப் பிரிவு 1975 வரை இருந்தது. போலின் வழக்கு அந்தப் பிரிவுக்குள் வராது, இங்கே கள்ள உறவு எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் கொலை தனி ரகம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அதிலிருந்து புரியும்.

இரண்டாவது, ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கப்படும் சாதாரணக் குடிமக்கள். பிரான்சில் பெரிய குற்றங்களை விசாரிப்பது அசீஸ் நீதிமன்றம். வெகு காலம் குற்றவாளியா இல்லையா என்பதை ஜூரிகள் மட்டுமே தனியாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனசைத் தொடும் வக்கீல் கிடைத்தால் விடுதலைதான். 1914-இல் ஒரு பத்திரிகை ஆசிரியரை அவர் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்ற ஆந்ரியெத் கய்யோவை, முன்னாள் பிரதமரின் மனைவி அவர், விடுதலை செய்தது ஜூரிதான். அவருக்காக வாதாடிய லபோரியின் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. 1941-இல் இது மாறியது. நீதிபதிகளும் ஜூரிகளோடு உட்கார்ந்து வாக்களிக்கத் தொடங்கினார்கள். போருக்குப் பிறகும் அது நீடித்தது: மூன்று நீதிபதிகள், ஏழு ஜூரிகள். ஆக 1951-இல் ஒபனெல் மாதிரி நூறு விடுதலை வாங்கிய வக்கீல், போன தலைமுறையின் ஆள். கித்ரிக்கு அப்போது 66 வயது. பேச்சுக்கு நீதிமன்றமே கட்டுப்பட்ட காலத்தைப் பார்த்து வளர்ந்தவர்.

கரிசல்_வாசகி அம்மா சொன்னதற்கு ஒன்று. விவாகரத்து பிரான்சில் 1884 முதல் உண்டு. ஆனால் யாராவது ஒருவர் மேல் குற்றம் காட்ட வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவது 1975-இல்தான் வந்தது. போலும் பிளாந்தினும் "எங்களுக்கு ஒத்துவரவில்லை" என்று போய் நிற்க அன்றைக்கு வாசலே இல்லை. இது கொலைக்கு நியாயம் இல்லை. அந்தச் சாப்பாட்டு மேசை ஏன் அப்படி இறுகிப்போய்க் கிடந்தது என்பதற்கு ஒரு காரணம்.

தனிக்கொட்டகை எழுதியது:

சட்டப்பித்தன் ஐயா, இதற்காகவே இழை தொடங்கினேன். நன்றி.

ஒபனெலைப் பற்றி இன்னும் ஒன்று. கொலை நடந்த பிறகுதான் தான் ஏமாற்றப்பட்டது அவருக்குத் தெரிகிறது. கொதிக்கிறார். ஆனால் என்ன செய்ய முடியும்? வெளியே சொன்னால் அந்தக் கொலையை வடிவமைத்துக் கொடுத்தவர் அவர் என்பதும் வெளியே வரும். கடைசியில் வழக்கை நடத்துகிறார். நீதிமன்றத்தில் போல் அவரைப் பேசவே விடுவதில்லை, தானே பேசுகிறான். மாணவன் வாத்தியாரை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டான். ழான் தெபுகூர் அந்த வக்கீலாக எவ்வளவு அமைதியாக நடித்திருக்கிறார் என்று பாருங்கள். முதல் பாதியில் தன் புகழில் மிதக்கும் மனிதர், இரண்டாம் பாதியில் அதே புகழால் வாயடைத்துப் போகிறார்.

வடக்குப்பாரிஸ் எழுதியது:

நான் பிரான்சில் வசிப்பவன். இங்கே கித்ரி பற்றிப் பேச்சு எடுத்தால் சினிமாவோடு 1944-உம் கூடவே வந்துவிடும். அதைச் சொல்லாமல் இந்தப் படத்தின் நீதிமன்றக் காட்சியைப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்தபோது கித்ரி நாடகம் போடுவதை நிறுத்தவில்லை. நகரின் மிகப் பிரபலமான நாடகக்காரர் அவர். 1944 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, பாரிஸ் விடுதலையாகிக்கொண்டிருந்த நாட்களில், எதிர்ப்பு இயக்கத்தினர் அவரை வீட்டிலிருந்து பிடித்துப் போனார்கள். எதிரியோடு கூட்டு என்று குற்றச்சாட்டு. 60 நாள் சிறையில் இருந்தார். வழக்கு இழுத்து இழுத்து 1947-இல் ஆதாரம் இல்லை என்று தள்ளுபடியானது. அந்த 60 நாள் பற்றி அவர் தனிப் புத்தகமே எழுதினார்.

அப்படி ஒருவர் நான்கு வருஷம் கழித்து எடுத்த படத்தில் நீதிமன்றம் எப்படி இருக்கும்? குற்றவாளியைத் தவிர அங்கே அறிவாகப் பேசுகிறவர் யாரும் இல்லை. அந்த விசாரணைக்கு நடுவே ஊர்ப் பிள்ளைகள் தெருவில் நீதிமன்ற விளையாட்டு விளையாடுவதைக் காட்டுகிறார். பெரியவர்களின் விசாரணைக்கும் பிள்ளைகளின் விசாரணைக்கும் வித்தியாசம் தெரியாதபடி மாறி மாறி வெட்டிக் காட்டுகிறார். கில்லட்டின்கூட அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள். பிரான்சில் அது 1977 வரை தலை வெட்டியது, மரண தண்டனை 1981-இல்தான் ஒழிந்தது. 1951-இல் பார்த்தவர்களுக்கு அது பழங்கதை இல்லை.

ஊரைப் பற்றி யாரும் பேசவில்லையே? ரெமொன்வீல் கடைக்காரர்கள் படத்தின் தொடக்கத்தில் பாதிரியாரிடம் கூட்டமாகப் போய், ஒரு பொய் அற்புதம் நடத்திக் காட்டுங்கள், பக்தர்கள் வருவார்கள், வியாபாரம் நடக்கும் என்று கெஞ்சுகிறார்கள். அவர் மறுக்கிறார். அவர்களுக்கு அற்புதம் கிடைக்கவில்லை, கொலை கிடைத்தது. வேடிக்கை பார்க்க ஆட்கள் வருகிறார்கள், கடைகள் நிறைகின்றன. போல் திரும்பி வரும்போது அந்த ஊர் அவனை எப்படி வரவேற்கிறது என்று பாருங்கள். யார் மேல் புகார் கொடுத்தால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்ட போர்க்கால வருஷங்களைக் கடந்து வந்தவர்கள் அந்தப் பார்வையாளர்கள். இந்த ஊரை அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

கரிசல்_வாசகி எழுதியது:

வடக்குப்பாரிஸ், நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு என் கோபம் கூடியிருக்கிறது, குறையவில்லை.

அவருக்கு நீதிமன்றத்தின் மேல் வஞ்சம் இருந்தது, சரி. நியாயமான வஞ்சம் என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தீர்க்க அவர் தேர்ந்தெடுத்தது ஒரு பெண்ணின் பிணத்தை. நிரபராதியைத் தண்டிக்கும் நீதிமன்றம் பற்றி அவர் எடுத்திருக்கலாம், அதுதானே அவருக்கு நடந்தது? அதற்குப் பதிலாகக் குற்றவாளியை விடுதலை செய்யும் நீதிமன்றத்தை எடுத்தார். அந்தக் குற்றம் நமக்கு வலிக்காமல் இருக்க, கொல்லப்பட்டவளை அருவருப்பாக்கினார். பிளாந்தின் கொஞ்சம் சுத்தமாக, கொஞ்சம் அன்பாக இருந்திருந்தால் இந்தப் படத்தின் ஒரு சிரிப்புகூட வேலை செய்யாது. நகைச்சுவை முழுவதும் அவளுடைய அழுக்கின் மேல் கட்டப்பட்டது.

நான் சிரித்தேன், அது வேறு. வக்கீல் அறையில் மனசார சிரித்தேன். அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு என்னால் முடியவில்லை.

நிழல்படம் எழுதியது:

கரிசல்_வாசகியின் கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொள்வேன். வக்கீல் அறை வரை சிரித்து, வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது என்கிறீர்கள். அது படத்தின் தோல்வி என்று எனக்குத் தோன்றவில்லை. பாரிஸில் வெறும் சொற்களாக இருந்த கத்தியும் மேசையும் திரும்பி வந்ததும் நிஜமாக நிற்கின்றன. அங்கே சொற்களாகக் கேட்டபோது நாம் சிரித்த ஒவ்வொரு விவரமும் இங்கே நம் மேலேயே வந்து விழுகிறது. நாமும் அந்தப் பாடத்தில் கூட உட்கார்ந்திருந்தோம். கித்ரி நம்மை நிம்மதிப் பெருமூச்சு விடச் சொல்கிறார் என்று முதலில் எழுதினீர்கள். கேமரா அங்கே எந்த உணர்ச்சியையும் ஊட்டாமல் சும்மா நிற்கிறது என்பது என் எண்ணம்.

2001-இல் இதே கதையை ழான் பெக்கேர் மறுபடி எடுத்தார். ழாக் வில்லெரே கணவன், ழொசியான் பாலாஸ்கோ மனைவி. அதில் கணவனை இளகிய மனசுக்காரனாக ஆக்கிவிட்டார்கள், நாம் அவனுக்காகப் பரிதாபப்பட வேண்டும் என்று. அதைப் பார்த்தால் பழைய படத்தின் நேர்மை புரியும். சிமோனின் போல் பரிதாபத்துக்குரியவன் இல்லை. சுயநலக்காரன், தந்திரக்காரன், நீதிமன்றத்தில் தன் பேச்சை ரசிக்கிறவன். அவனை நல்லவனாக்கும் ஒரு காட்சிகூடக் கித்ரி வைக்கவில்லை.

கரிசல்_வாசகி எழுதியது:

கேமரா சும்மா நிற்கலாம். ஆனால் அதற்கு முன் அரை மணி நேரம் அவள் வாயையும் பாட்டிலையும் காட்டியது அதே கேமராதான், நண்பரே. ரீமேக் இதைவிட மோசம் என்பதை ஏற்கிறேன். அதனால் இது நல்லதாகிவிடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். விஷம் வாங்கப் போகும் காட்சியைத் தனியாக மறுபடி பாருங்கள். அவளும் தன் வழியில் தந்திரம் செய்கிறாள். எலிக்கு என்று சொல்கிறாள். அவளுக்கும் திட்டம் இருக்கிறது, தயக்கம் இருக்கிறது, பயம் இருக்கிறது. அத்தனையும் ருவேரின் முகத்தில் தெரிகிறது. அந்தப் பெண்ணைப் பின்தொடர்ந்து இன்னொரு படம் எடுத்திருக்கலாம். அவள் பாரிஸ் போய் ஒபனெலைப் பார்த்திருந்தால் அவர் அவளுக்கு என்ன சொல்லியிருப்பார்? விஷம் என்றாலே திட்டமிட்ட கொலை. ஆத்திரத்தில் யாரும் விஷம் கலப்பதில்லை. உடல் பலம் உள்ளவனின் ஆயுதத்துக்கு மன்னிப்பு உண்டு, பலம் இல்லாதவளின் ஆயுதத்துக்கு இல்லை.

சட்டப்பித்தன் எழுதியது:

இது மிக முக்கியமான கேள்வி, நானே யோசித்ததில்லை. விஷம் கொடுத்துக் கொல்வதைப் பிரெஞ்சுச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. 1810 சட்டத்தில் 301-ஆவது பிரிவு அது. குடித்தவர் சாகாமல் பிழைத்தாலும் குற்றம் முழுமையானது. அன்றைக்குத் தண்டனை மரணம். ஒபனெலின் அறையில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தாலும் அவர் சொல்லித்தர அதிகம் இருந்திருக்காது. கத்திக்கு ஒரு கதை சொல்லலாம், எலி விஷத்துக்குச் சொல்ல முடியாது.

புதுவரவு_77 எழுதியது:

நேற்று இரவு இந்த இழையைப் படித்துவிட்டுப் படம் பார்த்தேன். பாதிரியார் பற்றி ஒரு சந்தேகம். போல் அவரிடம் போய் மனைவியைப் பற்றி அப்படிப் பேசியபோதே அவர் ஏதாவது செய்திருக்கலாமே? பொறுமையாக இரு என்று அனுப்பிவிட்டார். ஊர்க்காரர்கள் பொய் அற்புதம் கேட்டபோது அவ்வளவு உறுதியாக மறுத்தவர், இங்கே ஏன் ஒன்றும் செய்யவில்லை?

இன்னொரு கேள்வி சட்டம் தெரிந்தவர்களுக்கு. விடுதலையான பிறகு வக்கீல் மனம் மாறி உண்மையைச் சொன்னால் மறுபடி விசாரிப்பார்களா?

தனிக்கொட்டகை எழுதியது:

பாதிரியார் ஒருவர்தான் அந்த ஊரில் எதையும் விற்காதவர். அவரிடம் ஆலோசனை இருந்தது, வழி இல்லை. வக்கீலிடம் வழி இருந்தது. போல் எதைத் தேடிப் போனான் என்பது அதிலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அவர் ஒருமுறை பிளாந்தினிடம் போய்ப் பேசியிருக்கலாம். கரிசல்_வாசகி சொல்கிற இடம் இதுவும்தான்: எல்லாரும் அவளைப் பற்றிப் பேசினார்கள், யாரும் அவளிடம் பேசவில்லை.

சட்டப்பித்தன் எழுதியது:

புதுவரவு_77, இரண்டாவது கேள்விக்குப் பதில்: முடியாது. அன்றைய பிரான்சில் அசீஸ் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது. மக்களின் குரலாக ஜூரி சொன்ன தீர்ப்பு, அதைத் திருப்பி விசாரிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது அவர்கள் கொள்கை. சட்டப் பிழை இருந்தால் மட்டும் காசேசியோன் என்ற உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம். விடுதலைத் தீர்ப்பில் அதுவும் குற்றவாளிக்குப் பாதகம் செய்யாது. தண்டனை பெற்றவர் அப்பீல் செய்யும் உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்து 2001-இல் நடைமுறையானது. விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பு அப்பீல் செய்வது 2002-இல் வந்தது. ஒபனெல் மறுநாள் காலையிலேயே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தாலும், போகப் போவது அவர் தொழில்தான். போலின் தலைமுடியைக்கூட யாரும் தொட முடியாது. வக்கீல் அறையில் அவன் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றில் இதுவும் உண்டா என்று மறுபடி பார்க்கும்போது கவனிக்கப் போகிறேன்.